24 வயதில் கடை வாங்கலாமா? ஸ்காபரோ வாசகருக்கு ஒரு கணக்காளரின் பதில்

கேள்வி: எனக்கு 24 வயது. 17 வயதில் அம்மா, தங்கையுடன் கிளிநொச்சியிலிருந்து கனடா வந்தேன். முன்பே வந்திருந்த அப்பா எங்களை ஸ்பொன்சர் செய்து எடுத்தார். இப்போது குடியுரிமை கிடைத்துவிட்டது. பகலில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். மாலையில் காரில் உணவு டெலிவரி. அதில் சென்ற ஆண்டு 19,000 டொலர் அளவில் வந்தது. வார இறுதியில் சாமத்தியவீடு, பிறந்தநாள் போன்றவற்றுக்கு வீட்டில் ஆட்டிறைச்சி ரோல்ஸ், பற்றிஸ் செய்து கொடுக்கிறேன். அதில் 14,000 டொலர் கையில் வந்தது. சேமிப்பு 38,000 டொலர். மார்க்கம் வீதியில் ஒரு பிளாசாவில் உள்ள ரேக்-அவுட் கடையை அதன் உரிமையாளர் 140,000 டொலருக்குத் தருவதாகச் சொல்கிறார். வாடகையும் பொதுச் செலவும் சேர்ந்து மாதம் 6,900. ஒப்பந்தம் முடிய இன்னும் 4 ஆண்டுகள். கணக்கில் ஆண்டு விற்பனை 250,000, ஆனால் உண்மையில் 400,000 ஓடுகிறது என்கிறார். மாமா 50,000 கடன் தருவார். சீட்டு எடுத்தால் 30,000. மீதி 22,000 டொலரை அப்பாவின் வீட்டின் மீது வங்கியில் எடுக்கலாம். மாத முடிவுக்குள் பதில் வேண்டும் என்கிறார். வாங்கலாமா? கம்பனியாகப் பதிவதா, தனியாகச் செய்வதா? இங்கே முழுதாகப் படிக்காத, ஆங்கிலத்தில் தடுமாறுகிற என்னைப் போன்ற ஒருவனுக்கு இது சரிவருமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடையை, இந்த விலைக்கு, இந்த மாத முடிவுக்குள் வாங்காதீர்கள். தொழில் தொடங்க வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, ஒரு தொழிலுக்குத் தேவையானதில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அதை ஒரு பிழையான கையெழுத்தில் இழந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

விற்பவர் சொல்லும் கணக்கிலிருந்து தொடங்குவோம். கணக்கில் 250,000, உண்மையில் 400,000 என்கிறார். ரொறன்ரோவில் சிறு கடை விற்கும் பலரிடம் நான் கேட்டுப் பழகிய பேச்சு இது. அவர் சொல்வது உண்மையானால், ஆண்டுக்கு 150,000 டொலர் விற்பனையை அரசுக்கு மறைத்திருக்கிறார். பொய்யானால், உங்களிடம் மறைக்கிறார். இரண்டில் எது என்று நீங்கள் ஆராய வேண்டிய அவசியமே இல்லை. காகிதத்தில் இல்லாத விற்பனைக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. வங்கியும் கொடுக்காது, நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது உங்களிடம் வாங்க வருபவரும் கொடுக்கமாட்டார்.

சரி, ஒரு பேச்சுக்கு அவரை நம்புவோம். மாதம் 6,900 என்றால் ஆண்டு வாடகை 82,800 டொலர். உணவுத் தொழிலில் வாடகை விற்பனையின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். இங்கே 400,000 விற்பனை என்றே வைத்தாலும் அது 21 சதவீதம். கணக்கில் உள்ள 250,000க்குப் பார்த்தால் 33 சதவீதம், அதாவது கல்லாவில் விழும் மூன்று டொலரில் ஒரு டொலர் கட்டட உரிமையாளருக்குப் போகிறது.

அடுத்தது ஆட்கூலி. ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலர். வாரம் ஏழு நாளும் திறக்கும் கடையில், நாளுக்கு 10 மணி நேரம் இரண்டு பேர் நின்றால் ஆண்டுக்கு 128,000 டொலர் ஆகிறது. விடுமுறைக் கொடுப்பனவு, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்புறுதி ஆகியவற்றில் முதலாளி பங்கு இதற்கு மேல். இறைச்சி, மா, எண்ணெய், பெட்டி எல்லாம் சேர்த்து விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு என்று மிதமாகவே பிடிப்போம், அது 83,000. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 294,000 வருகிறது. கணக்கில் உள்ள விற்பனையோ 250,000. மின்சாரம், எரிவாயு, காப்புறுதி, அட்டைக் கட்டணம் இன்னும் வரவில்லை.

அப்படியானால் அவர் இத்தனை ஆண்டு எப்படிக் கடை நடத்தினார்? ஒரு நாள் போய்ப் பாருங்கள். காலையில் அவருடைய மனைவி சம்பல் அரைத்துக்கொண்டிருப்பார். மத்தியானம் அவரே கல்லாவில் நிற்பார். மாலையில் உறவுக்காரர் யாராவது கொத்து போடுவார். இவர்களில் ஒருவருக்கும் சம்பளம் எழுதப்பட்டிருக்காது. அவர் காட்டும் இலாபம் அந்தக் குடும்பத்தின் கூலியாக இருக்க வாய்ப்பு அதிகம். 140,000 கொடுத்து நீங்கள் வாங்கப்போவது சம்பளமில்லாத இரண்டு வேலைகளை. ஒன்றை நீங்கள் செய்வீர்கள். மற்றதை உங்கள் அம்மா செய்வார்.

பிற்பாடு வேறு கடை ஏதாவது அமைந்தால் எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மூன்று ஆண்டு வருமானவரி அறிக்கை, எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரிக்கான அறிக்கை, வங்கிக் கூற்று ஆகியவற்றைக் கேளுங்கள். அதோடு, பலர் கேட்க மறக்கும் ஒன்று: உணவுப் பெட்டிகளும் பைகளும் வாங்கிய ரசீதுகள். ஒரு ரேக்-அவுட் கடையில் பெட்டி இல்லாமல் சாப்பாடு வெளியே போகாது. மாதம் எத்தனை பெட்டி வாங்கினார் என்று தெரிந்தால், எத்தனை சாப்பாடு விற்றார் என்பதற்கு ஓர் எல்லை கிடைத்துவிடும். செவ்வாய் மாலை ஒரு தடவை, சனி மத்தியானம் ஒரு தடவை, எதிரே காரில் இருந்து வாடிக்கையாளரை எண்ணிப் பாருங்கள். டெலிவரி செய்பவர் நீங்கள், யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

இனி, கடிதத்தில் நீங்கள் அதிகம் யோசிக்காத இடத்துக்கு வருகிறேன். அதுதான் வாடகை ஒப்பந்தம். 6,900 டொலரை மீதமுள்ள 48 மாதங்களால் பெருக்குங்கள். 331,200 டொலர். நீங்கள் பேரம் பேசிக்கொண்டிருப்பது 140,000க்கு. கையெழுத்து வைக்கப்போவது இதையும் சேர்த்து. கடை ஆறாவது மாதத்தில் படுத்துவிட்டாலும் மீதி வாடகைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

"கம்பனியாகப் பதிந்தால் கம்பனிதானே பொறுப்பு?" என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சட்டப்படி கம்பனி தனி ஆள்தான். ஆனால் நேற்றுப் பதிந்த கம்பனியை நம்பிக் கடை தரும் கட்டட உரிமையாளர் அரிது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் தனிப்பட்ட பிணை என்று ஒரு தாள் இருக்கும். அதில் கையெழுத்திட்டால் கம்பனி என்ற மறைப்பு விலகி, நீங்களே நேரடியாக மாட்டுவீர்கள். உங்களிடம் சொத்து இல்லை என்று கண்டால் சொத்துள்ளவரைக் கேட்பார்கள், அதாவது உங்கள் அப்பாவை. வங்கியில் எடுக்கும் 22,000 மட்டுமே அப்பாவின் வீட்டுக்கு வரும் ஆபத்து என்று நினைத்திருப்பீர்கள். அவர் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தால், ஆபத்து மூன்று இலட்சம் டொலருக்கு மேல்.

பிணையே இல்லாமல் கடை எடுப்பது இன்று கடினம்தான். ஆனால் அதற்கு எல்லை கேட்கலாம்: ஆறு மாத வாடகைக்கு மட்டும் என்றோ, இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டினால் பிணை நீங்கும் என்றோ. கேட்பவர்களுக்குக் கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன். கேட்காதவருக்கு யாரும் தாமாக முன்வந்து கொடுப்பதில்லை.

குடியிருக்கும் வீட்டு வாடகைச் சட்டத்தை மனதில் வைத்துக் கடை வாடகையை நினைக்காதீர்கள். ஒன்ராறியோவில் வீட்டு வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பு கடைக்காரருக்கு இல்லை. ஒப்பந்தம் முடிந்தபின் வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு கிடையாது. வாடகை தவறி 15 நாள் கடந்தால், நீதிமன்றம் போகாமலே, கட்டட உரிமையாளர் பூட்டை மாற்றலாம். உள்ளே இருக்கும் உங்கள் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் அன்று உள்ளேதான் இருக்கும்.

மூன்று விதிகளை ஒப்பந்தத்தில் தேடச் சொல்லி வணிக ஒப்பந்தங்களில் பழகிய சட்டத்தரணியிடம் கொடுங்கள். வீடு வாங்கும்போது பார்த்தவர் போதாது. ஒன்று, இடிப்பு விதி. ஸ்காபரோவின் பழைய பிளாசாக்கள் ஒவ்வொன்றாக அடுக்குமாடித் திட்டங்களாக மாறிக்கொண்டிருக்கின்றன. எக்ளிங்டன் வீதியின் கிழக்கில் கோல்டன் மைல் பகுதியைப் பார்த்தாலே தெரியும். உரிமையாளர் சில மாத அறிவித்தலில் உங்களை வெளியேற்றிக் கட்டடத்தை இடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், நீங்கள் கொடுத்த 140,000க்கு மதிப்பே இல்லை. இரண்டு, நான்கு ஆண்டு முடிந்தபின் நீடிக்கும் உரிமை. அது இல்லையென்றால், கடன் அடைபடும் நேரத்தில் கடை கையை விட்டுப் போகும். மூன்று, கூரையில் இருக்கும் சூடாக்கி, குளிரூட்டி இயந்திரம் பழுதானால் யார் மாற்றுவது என்பது. சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் குளிர்காலத்தின் நடுவில் அது நின்றுபோய், புதிது வாங்கிப் போடுவது வாடகைதாரர் பொறுப்பு என்று ஒப்பந்தம் சொன்னதால், கையிலிருந்த முதலெல்லாம் கூரைக்குப் போன ஒரு கடையை எனக்குத் தெரியும். விற்பவர் வேலைத்தளக் காப்புறுதிச் சபைக்கு நிலுவை வைத்திருந்தால் அதுவும் வாங்குபவரைத் தொடரக்கூடும். நிலுவை இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது.

எக்ளிங்டனைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே இலகு ரயில் பாதைப் பணி 2011இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. தெரு அடைபட்டு, வாகனம் நிறுத்த இடமில்லாமல், எத்தனையோ சிறு கடைகள் நொடித்தன. அவர்கள் சமையலில் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. நகரசபை எங்கே தோண்டப்போகிறது என்பதைக் கடை எடுக்குமுன் விசாரிப்பதும் வியாபாரத்தின் ஒரு பகுதி.

மாமாவின் பணத்துக்கு வருவோம். 1983க்குப் பிறகு இங்கு வந்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவித் தொடங்கி, ஒருவருக்கொருவர் பணம் கொடுத்தும், சீட்டுப் பிடித்தும்தான் முதல் கடைகளைத் திறந்தார்கள். வங்கி அவர்களை ஏறிட்டும் பார்க்காத காலம் அது. அந்த உதவியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வாய்வார்த்தையில் வாங்கிய பணம் எத்தனை உறவுகளை முறித்திருக்கிறது என்பதையும் பார்த்தவன் நான். "வட்டி வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று அவர் சொன்னால், பிறகு என்பது எப்போது என்று இன்றே எழுதுங்கள். எவ்வளவு, எந்த நாளிலிருந்து, மாதம் எவ்வளவு, கடை மூடினால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவருக்கு இலாபத்தில் பங்கு என்று மட்டும் பேசிவிடாதீர்கள். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், இலாபத்துக்காகச் சேர்ந்து தொழில் நடத்துவோரைச் சட்டம் பங்காளிகளாகப் பார்க்கும். கடையின் கடனுக்கு அவரும் பொறுப்பாகிவிடக் கூடும். உதவி செய்ய வந்தவரை அந்த நிலையில் விடலாமா?

சீட்டைக் கடைக்கு முதலாகப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் எடுத்துவிட்டால், முடியும்வரை மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும். புதுக்கடைக்கு முதல் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டும் நாட்களில் கடைக்கு ஆள் வராது. சீட்டுக் காசு கேட்டு ஆள் வருவார். ஒரு மாதம் தவறினாலும் பாதிக்கப்படுவது வங்கி அல்ல, உங்களை நம்பிச் சேர்ந்த அயலவர்கள்.

அப்படியானால் 38,000 டொலரை வைத்து என்ன செய்வது? உங்களிடம் இப்போதே ஒரு வியாபாரம் நடக்கிறது. ஆண்டுக்கு 14,000 டொலருக்கு ரோல்ஸ் விற்கிறீர்கள், அதுவும் விளம்பரம் இல்லாமல், வார இறுதியில் மட்டும். அந்த வியாபாரத்தைப் பெரிதாக்குங்கள் என்பதே என் ஆலோசனை. ஆனால் அதற்குமுன் இரண்டு விஷயங்களை நேராக்க வேண்டும். இரண்டையும் நீங்கள் கேட்கவில்லை.

முதலாவது, வீட்டுச் சமையலறை. ஒன்ராறியோவில் 2020 முதல், கேக், பிஸ்கட், ஜாம், ஊறுகாய் போன்ற ஆபத்துக் குறைந்த உணவுகளை வீட்டில் செய்து விற்பவர்களுக்குச் சில தளர்வுகள் உண்டு. ஆட்டிறைச்சி ரோல்ஸ் அந்த வகையில் வராது. ஒரு சாமத்தியவீட்டில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், சுகாதாரப் பிரிவு கேட்கும் முதல் கேள்வி எங்கே சமைத்தீர்கள் என்பதுதான். வீட்டுக் காப்புறுதியும் கைவிரித்துவிடும். ரொறன்ரோவில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும், சுகாதாரப் பரிசோதனை செய்யப்பட்ட வணிகச் சமையலறைகள் இருக்கின்றன. அதில் ஒன்றை வாரம் ஒரு நாள் எடுங்கள். உணவு கையாளும் சான்றிதழை எடுங்கள். உணவு தயாரிக்கும் இடத்தில் அந்தப் பயிற்சி பெற்ற ஒருவராவது எப்போதும் இருக்க வேண்டும் என்பது 2018 முதல் மாகாண விதி. பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஒன்றும் எடுங்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் நீங்கள் வாங்க நினைத்த கடையின் ஒரு மாத வாடகைக்குப் பக்கத்தில்கூட வராது.

இரண்டாவது, எச்.எஸ்.ரி. ஆண்டுக்கு 30,000 டொலருக்குக் கீழே விற்கும் சிறு வணிகர் பதியத் தேவையில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சரிதான். ஆனால் அந்த 30,000 ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக அல்ல, ஆளுக்குத்தான். டெலிவரியில் 19,000, ரோல்ஸில் 14,000. இரண்டும் உங்கள் பெயரில் நடக்கும் தொழில்கள். கூட்டினால் 33,000. தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் எல்லையைத் தாண்டியவர் பதிந்தாக வேண்டும். நீங்கள் தாண்டிவிட்டீர்கள்; வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைக் கையிலிருந்து கட்டும் நிலை கூடிக்கொண்டே போகிறது. "கையில் வந்தது" என்று எழுதிய 14,000 வருமானவரி அறிக்கையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் உங்கள் கணக்காளருடன் உடனே பாருங்கள். சேராவிட்டால், கனடிய வரித்துறையான சி.ஆர்.ஏ. கடிதம் அனுப்புமுன் நாமாகச் சென்று திருத்துவது மிகவும் நல்லது. தாமாக முன்வந்து அறிவிப்பவர்களுக்கு அபராதத்தில் சலுகை கிடைக்க ஒரு திட்டமே இருக்கிறது. டெலிவரித் தளங்கள் தங்களிடம் உழைப்போரின் வருமானத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் 2024 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே அந்தப் பக்கம் எல்லாம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

பதிவதில் நன்மையும் உண்டு. சமையலறை வாடகை, பொரிக்கும் இயந்திரம், பெட்டி, தொலைபேசி என்று தொழிலுக்காக நீங்கள் கட்டும் எச்.எஸ்.ரி.யைத் திரும்பப் பெறலாம். விலை வைப்பதிலும் கவனம் வேண்டும். கடையில் ஒருவர் வாங்கும் தயார் உணவு மொத்தம் 4 டொலர் அல்லது அதற்குள் இருந்தால் 5 சதவீத வரிதான். அதைத் தாண்டினால் 13 சதவீதம். விழாவுக்கு 600 ரோல்ஸ் கொடுக்கும்போது 13 சதவீதம் உங்கள் விலைக்கு மேலே வர வேண்டும். அந்தப் பணம் உங்களுடையது அல்ல. வேறு வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வரும் நாளிலேயே அதில் போட்டுவிடுங்கள். தொழில் படுத்துப்போய் என்னிடம் வந்தவர்களில் பலர் எச்.எஸ்.ரி. பணத்தில் வாடகை கட்டியவர்கள்.

இப்போது ஒரு ரோலை மேசையில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஒரு பலசரக்குக் கடை அதை 2 டொலருக்கு விற்கிறது, உங்களிடம் 1.20க்கு வாங்குகிறது என்று வையுங்கள். இறைச்சி, உருளைக்கிழங்கு, மா, முட்டை, ரொட்டித்தூள், எண்ணெய் எல்லாம் 45 சதம். மணிக்கு 50 ரோல் என்ற வேகத்தில் நீங்கள் சுற்றிப் பொரித்தால், குறைந்தபட்ச ஊதியப்படி உங்கள் கூலி ரோலுக்கு 35 சதம். சமையலறை வாடகை, பெட்டி, பெற்றோல் 25 சதம். மிச்சம் 15 சதம். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் எண்களை நீங்கள் போட வேண்டும். ஆனால் ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், உங்கள் கூலி. அதை எழுதாத வரை ரோலுக்கு 50 சதம் இலாபம் என்று தோன்றும். நாளை ஓர் ஆளை வேலைக்கு வைத்ததும் இலாபம் எங்கே போனது என்று திகைப்பீர்கள். மணிக்கு 50 என்பதை 80 ஆக்க என்ன வழி, 1.20 கொடுக்கும் கடையை விட 1.60 கொடுக்கும் அலுவலக விருந்து எங்கே கிடைக்கும் என்பவைதான் இனி நீங்கள் யோசிக்க வேண்டியவை. டெலிவரி செயலிகள் 30 சதவீதம் வரை கழிவு எடுக்கின்றன என்பதால், இந்த இலாபத்தில் அவற்றை நம்பித் தொடங்க முடியாது என்பதும் கணக்கிலேயே தெரியும்.

கம்பனியா, தனியாளா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. இப்போதைக்குத் தனியாள் வணிகம் போதும். வணிகப் பெயர் ஒன்றை ஒன்ராறியோவில் இணையம் வழியே 60 டொலருக்குப் பதியலாம். ஐந்து ஆண்டுக்குச் செல்லும். இலாபம் உங்கள் வீட்டுச் செலவுக்கு மேல் மிஞ்சத் தொடங்கும்போதோ, பெரிய ஒப்பந்தம் வரும்போதோ கம்பனியாக்கலாம். அப்போதும் எச்.எஸ்.ரி.யையும் ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியையும் கட்டாமல் விட்டால் இயக்குநர் என்ற முறையில் நீங்களே பொறுப்பு. சுயதொழில் செய்பவர் அறிக்கையை ஜூன் 15 வரை தரலாம், ஆனால் வரிப் பணம் ஏப்ரல் 30க்குள் போய்ச் சேர வேண்டும். ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் நீங்களே கட்ட வேண்டும். அடிப்படை வீதம் 11.9 சதவீதம். ரசீதுகளை ஆறு ஆண்டு வைத்திருங்கள்.

பணம் தேவைப்படும் நாள் வரும்போது, மாமாவுக்கு முன் போக வேண்டிய கதவுகள் உண்டு. பியூச்சர்பிரனர் என்ற அமைப்பு 18 முதல் 39 வயது வரையானவர்களுக்குக் கடன் தருகிறது, கூடவே ஒரு வழிகாட்டியையும் தருகிறது. வீட்டை ஈடு வைக்கச் சொல்வதில்லை. வணிகத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுத என்டர்பிரைஸ் ரொறன்ரோ என்ற நகரசபை மையத்தில் கட்டணமில்லாமல் உதவி கிடைக்கும். கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனத்தின் கூட்டங்களுக்கும் போங்கள். உங்களுக்கு முன்னால் இதே பிளாசாக்களில் ஒப்பந்தம் போட்டவர்களை அங்கே சந்திக்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக, சரிவருமா என்று நீங்கள் கேட்டது. அந்த வரியில் எனக்கு மனம் வலித்தது. தடுமாறும் ஆங்கிலத்தோடு சப்ளையரிடம் விலை பேசலாம். புரியாத ஒப்பந்தத்தைப் புரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் கூடாது. "விளங்கவில்லை, எழுத்தில் தாருங்கள், என் சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்ற அளவுக்கு ஆங்கிலம் போதும். உங்களிடம் உள்ளதை நீங்கள் எடைபோடவில்லை. வணிகச் சமையலறையின் வேகம் உங்களுக்குத் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு எந்தக் கடையின் சாப்பாடு எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்த அடுக்குமாடியில் யார் என்ன கேட்கிறார்கள் என்பது இந்த நகரத்தில் டெலிவரி செய்பவனுக்குத்தான் தெரியும். ஸ்காபரோவில் தமிழர் மட்டுமா இருக்கிறார்கள்? கயானாக்காரர், பிலிப்பினோக்கள், கரீபியன் மக்கள், எல்லாரும் காரமும் பொரியலும் விரும்புபவர்கள். நம் கடைகளில் பல இன்னும் நம் ஆட்களை மட்டுமே பார்த்து விலை வைக்கின்றன. மற்றச் சமூகத்தவரிடம் போகிற முதல் ரோல்ஸ்காரர் நீங்களாக இருக்கலாம்.

மாத முடிவில் கடை உரிமையாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணை, மூன்று வருட வரி அறிக்கையும் வாடகை ஒப்பந்தத்தின் முழுப் பிரதியும் தந்தால் பார்த்துப் பேசலாம். கணக்கில் உள்ள விற்பனைக்குத்தான் நான் விலை சொல்வேன்." அவர் கோபப்பட்டால் பரவாயில்லை. தந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். விலையும் வாடகையும் நிறையக் குறைந்தால் மறுபடி யோசிப்போம். இதற்கிடையில், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அடுத்த ஓடரை வீட்டில் செய்யாமல் வணிகச் சமையலறை ஒன்றில் செய்யுங்கள். வாங்கிய சாமான், செலவான மணி நேரம், மிஞ்சிய ரோல்ஸ் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து அனுப்புங்கள். உங்கள் ரோலுக்கு என்ன விலை வைக்க வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்து அடுத்த பதிலில் எழுதுகிறேன்.